பற்பசையைத் தடவுவதற்கு முன்னால்

"சிடி விட்டுவிட்டுப் பாடினால் பற்பசை தடவி வட்டமாகத் தேய்த்தால் போதும்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். சிடியில் பாட்டு பதிவாகியிருக்கும் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 1.6 மைக்ரோமீட்டர். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து தகவலைத் தொடர்ச்சியாக மறைத்துவிடும். குறுக்கே விழும் மெல்லிய கீறலையோ பிளேயரின் பிழைதிருத்தமே (விடுபட்ட தகவலைக் கணக்கிட்டு நிரப்பும் வசதி) பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆகவே நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி, நேராக, மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தில் ஆழமாகக் கீறியிருந்தால் ஒளியைத் திருப்பும் உலோகப் படலமே போயிருக்கும். எந்தப் பசையும் அதை மீட்காது.

இதற்கெல்லாம் முன்பு வேறு மூன்று நான்கு டிஸ்க்குகளைப் போட்டுப் பாருங்கள். எல்லாமே குதித்தால் குற்றம் பிளேயரில். காசிமேட்டில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. மூடியைத் திறந்தால், டிஸ்க்கைப் படிக்கும் மிளகளவு லென்சின் மேல் சாம்பல் நிறப் படலம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் ஒருமுறை வருடினேன். நன்றாகக் காய்ந்த பிறகு அப்பாவின் பழைய டிஸ்க் கடைசிப் பாட்டு வரை தடங்கலின்றி ஓடியது.