டிராகனுக்குக் கண் வைப்பது

டிராகன் கதை படிக்கிறவர்களும் டிராகன் வரைகிறவர்களும் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியும் ஒரு இடத்துக்கு வந்துவிடும். எது பெரிசு, எதன் நெருப்புக்குச் சூடு அதிகம், எது எதை அடித்துவிடும். நானும் அந்தப் பேச்சில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால், டிராகனுக்குக் கண்தான் எல்லாம். இறக்கையை எடுத்துவிடலாம், நெருப்பை எடுத்துவிடலாம், காலைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம். பார்வை செத்துப்போனால் மிஞ்சுவது ஒரு பெரிய பல்லி.

இதை நான் புரிந்துகொண்டது, 'ஹாபிட்' கதையில் வரும் ஸ்மாக் என்ற டிராகனை வரையும்போது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்த ஃபேன் ஆர்ட். கழுத்துச் செதில்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். தாடைக்குக் கீழே பொடிப்பொடியாக, தோளுக்கு வரவர விரல் நகம் அளவுக்கு, நெஞ்சில் ஓடு வேய்ந்த மாதிரி. பொன் குவியலில் வெளிச்சம் தெறிப்பதற்கு மட்டும் ஆறு லேயர். வரைகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல கேன்வாஸை இடம் வலமாகத் திருப்பியும் பார்த்தாயிற்று. தாடை கோணவில்லை, கொம்பும் சரியாக இருந்தது. கூட வரைகிற தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "செதில் பிரமாதம்டி. இது எங்க பாக்குது?"

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் பார்க்கவில்லை. மஞ்சள் வட்டம், நடுவில் ஒரு கறுப்புக் கோடு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. சட்டைப் பித்தான் மாதிரி இருந்தது.

அன்றைக்கே 'ஹாபிட்' நாவலை எடுத்து அந்த இடத்தை மறுபடி படித்தேன். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட கதை. கதைநாயகன் பில்போ மாய மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல் மலைக்குள் வருகிறான். ஸ்மாக் தூங்குகிறான். உள்ளே காலெடுத்து வைக்கப் போகும்போதுதான், சரிந்து கிடக்கும் இடது இமைக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்புக் கீற்று தெரிகிறது. தூங்குகிற மாதிரி நடிக்கிறான்! நெருப்பு கக்கவில்லை, இறக்கை அசையவில்லை, ஒரு இமை முழுசாக மூடவில்லை, அவ்வளவுதான். எத்தனை தடவை படித்தாலும் அந்த வரியில் எனக்கு முதுகு சில்லிடும். ஊரை எரிக்கிற பக்கங்களில்கூட அப்படி ஆவதில்லை.

அதே டோல்கீனின் கிளாருங் இன்னும் கொடூரம். அவனுக்கு இறக்கையே கிடையாது, நிலத்தில் ஊர்ந்து வருபவன். டூரின் என்ற வீரன் வாளோடு எதிரே போய் நிற்கிறான். இமையில்லாத அந்தக் கண்ணை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறான். கை கால் ஓடாமல் அப்படியே நிற்கிறான். சிறைபிடித்த பெண்களை அவனைத் தாண்டி இழுத்துப் போகிறார்கள், அவர்களில் ஒருத்தியான ஃபின்டுவிலாஸ் அவன் பேரைச் சொல்லிக் கதறுகிறாள், அவனால் அசைய முடியவில்லை. பிறகு அவன் தங்கை நியெனோர் அதே கண்ணில் மாட்டுகிறாள். தன் பேர் முதற்கொண்டு எல்லாம் மறந்துபோகிறது. அந்தக் குடும்பம் அடியோடு அழிவதற்கு அந்த இரண்டு பார்வை போதுமாக இருந்தது. பறக்கத் தெரியாத டிராகன் டிராகனே இல்லை என்று வாதாடுகிறவர்களிடம் நான் கிளாருங் பேரைத்தான் சொல்வேன்.

பார்வைக்கும் டிராகனுக்கும் உள்ள உறவு டோல்கீன் கண்டுபிடித்தது அல்ல, அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. டிராகன் என்பது கிரேக்கத்து 'டிராகோன்' வழியாக வந்த பேர். கூர்ந்து பார்ப்பது என்ற பொருளுள்ள வினையோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது திட்டிவிடம். திட்டி என்றால் பார்வை. கண்ணிலேயே நஞ்சை வைத்திருக்கும் நாகம் அது. மணிமேகலைக் காப்பியத்தில், நாயகியின் முற்பிறவிக் கணவன் இராகுலன் உயிரைக் குடித்தது அதுதான். டிராகனைத் தமிழில் பறக்கும் நாகம், நெருப்பு நாகம் என்று என்னவெல்லாமோ சொல்லிப் பார்க்கலாம். எனக்கு அதன் நெருங்கிய சொந்தமாகத் தோன்றுவது திட்டிவிடம்தான்.

சீனத்து டிராகன் வேறு வம்சம். மழையைக் கொண்டுவருவது, மரியாதைக்குரியது, பெரும்பாலும் இறக்கை இல்லாமலே மேகத்தில் ஏறுவது. அங்கேயும் கதை கண்ணில்தான் வந்து நிற்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாங் செங்யோ என்ற ஓவியர் ஒரு கோயில் சுவரில் நான்கு டிராகன் வரைந்தாராம். நான்குக்கும் கண் வைக்கவில்லை. கேட்டவர்களிடம், வைத்தால் பறந்துபோகும் என்றார். யாரும் நம்பவில்லை, விடாமல் நச்சரித்தார்கள். சரியென்று இரண்டுக்கு மட்டும் கண் வைத்தார். இடி இடித்தது, சுவர் பிளந்தது, இரண்டும் மேகத்தில் ஏறிப் போயின. கண் வைக்காத இரண்டும் சுவரிலேயே நின்றன. ஒரு வேலைக்கு உயிர் கொடுக்கும் கடைசித் தொடலைச் சீனமொழியில் இன்றும் "டிராகன் வரைந்து கண் வைப்பது" என்றுதான் சொல்கிறார்கள். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சென் ரோங்கின் ஒன்பது டிராகன் சுருளை (1244-இல் வரைந்தது, பத்து மீட்டருக்கும் மேல் நீளம்) திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பாருங்கள். உடம்பெல்லாம் மேகத்திலும் அலையிலும் பாதி மறைந்து கிடக்கும். கண் மட்டும் உருண்டு திரண்டு வெளியே நிற்கும்.

வரைகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது நான் கைவலிக்கக் கற்றது. டிராகன் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணைச் சின்னதாக்குங்கள். உயிரினம் பெருக்கப் பெருக்க, தலையோடு ஒப்பிட்டால் கண் சிறுத்துக்கொண்டே போகும். திமிங்கிலத்தையும் யானையையும் பாருங்கள், பிறகு எலியைப் பாருங்கள். பெரிய கண் வைத்தால் மலை அளவு வரைந்தாலும் குட்டியாகவே தெரியும். குட்டி டிராகனுக்கு அதே காரணத்துக்காகப் பெரிய கண் வையுங்கள், அள்ளிக்கொள்ளத் தோன்றும்.

அடுத்தது கண்மணி. டிராகன் என்றாலே நெட்டுக்குத்தான கீற்று என்று கை தானாகப் போகிறது. நிலத்தில் வாழும் 214 வகை உயிரினங்களின் கண்மணியை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. நெட்டுக்குத்துக் கீற்று முக்கியமாகப் பதுங்கிப் பாயும், தரைக்குப் பக்கத்தில் கண் இருக்கும் சிறிய வேட்டைக்காரர்களுக்கு உதவுகிறது என்பது அதன் முடிவு. பூனைக்குக் கீற்று, புலிக்கும் சிங்கத்துக்கும் வட்டம். அப்படிப் பார்த்தால் கோபுர உயரத்து டிராகனுக்கு வட்டக் கண்மணிதான் பொருந்தும். ஒரு தடவை வைத்துப் பாருங்கள். மிருகக் களை போய், யாரோ ஒருவர் உள்ளேயிருந்து பார்ப்பதுபோல ஆகிவிடும். கீற்றைத் தப்பு என்று சொல்லவில்லை. ஏன் வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும். 2010-இல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தில் டூத்லெஸ் என்ற டிராகனுக்குக் கீற்றும் உண்டு, வட்டமும் உண்டு. சீறும்போது ஊசியாக ஒடுங்கும், நம்பிக்கை வந்ததும் கண் முழுக்கக் கறுப்பாக விரியும். வசனமே பேசாத ஒரு பாத்திரத்தை அந்த விரிவும் சுருக்கமும் பேச வைத்துவிட்டன.

கண்ணுக்கு மேலே வரும் எலும்பு விளிம்பையும் மறக்க வேண்டாம். கழுகுக்கு அந்தக் கண்டிப்பான முகம் வருவது அதனால்தான். விளிம்பின் நிழல் கண்ணில் விழ வேண்டும். வெள்ளைப் புள்ளியைக் கடைசியாக வையுங்கள், அது வெளிச்சம் வரும் திசையில் இருக்கட்டும்.

இரண்டு கால் என்றால் வைவெர்ன், நான்கு கால் இருந்தால்தான் டிராகன் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. அது ஆங்கிலக் கொடிச்சின்ன மரபு வகுத்த கணக்கு. 1470 வாக்கில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ வரைந்த புனித ஜார்ஜ் ஓவியத்தில் டிராகனுக்கு இரண்டே கால்.

என் மனத்தாங்கல் வேறு. டிராகனை வாகனமாக்குகிறார்கள். ஏறி உட்கார ஒரு முதுகு, எதிரிமேல் கொட்ட ஒரு நெருப்புக் குழாய், செத்தால் நாயகி அழுவதற்கு ஒரு காட்சி. அது என்ன நினைத்தது என்று யாரும் கேட்பதில்லை. சவாரி கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்தாளர் ஆன் மெக்காஃப்ரி 1968-இல் வந்த நாவலிலேயே பெர்ன் என்ற கற்பனை உலகத்து டிராகன்களின் மேல் ஆட்களை ஏற்றிவிட்டார். ஆனால் அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிதான் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. பல பட்டைகள் கொண்ட அதன் கண் மனநிலைக்கேற்ப நிறம் மாறிச் சுழலும். மேலே உட்கார்ந்திருப்பவரை அது ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதே 1968-இல் அர்சுலா லெ குவின் எர்த்சீ என்ற கற்பனை உலகத்தின் நாவல் வரிசையைத் தொடங்கினார். அங்கே ஆதிமொழி டிராகன்களின் தாய்மொழி. அதில் பேசும் மனிதர்களுக்குப் பொய் சொல்ல வராது, டிராகன்களுக்கு வரும். இதைவிட ஒரு உயிரை எப்படி மதிப்பது!

தமிழில் டிராகனைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வி இலக்கணமாகவே வந்து நிற்கிறது. அதுவா, அவனா? வந்ததா, வந்தானா? ஒவ்வொரு வினைமுற்றிலும் முடிவெடுத்தாக வேண்டும். தொல்காப்பியம் மக்களை மட்டும் உயர்திணை என்றது. நன்னூல் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. பார்க்கவும் எடைபோடவும் பொய் சொல்லவும் தெரிந்த ஒன்றை நான் அஃறிணையில் விடமாட்டேன். மேலே ஸ்மாக் "தூங்குகிறான்" என்று எழுதியது கை தவறி வந்தது அல்ல.

அந்தப் படத்தை அழிக்கவில்லை. செதிலைத் தொடவில்லை, பொன் அப்படியே இருக்கிறது. கண்ணை மட்டும் முழுசாகச் சுரண்டி எடுத்தேன். அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். இமையை இறக்கினேன், இன்னும் இறக்கினேன், கடைசியில் மயிரிழை இடைவெளி மட்டும் விட்டேன். அதற்குள் ஒரே ஒரு சிவப்புக் கோடு. அந்த ஒரு கோட்டுக்கு நான்கு ராத்திரி ஆனது. படத்துக்கு வெளியே, பார்க்கிறவர் நிற்கும் இடத்தைக் குறிவைத்துப் போட்டேன்.

தோழிக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது:

"ஐயோ. முழிச்சிட்டிருக்கான்டி."