பாரூர் ஏரியில் வாத்து வேட்டை

(மார்கழி மாதம், விடிவதற்கு முன். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூர் பெரிய ஏரிக்கரை. ராகித் தாளால் வேய்ந்த மறைப்புக்குள் மாமாவும் மாப்பிள்ளையும் குந்தியிருக்கிறார்கள். நடுவில் லாப்ரடார் நாய் சிங்காரம்.)

மாப்பிள்ளை: வாத்து வேட்டை என்றுதானே எழுப்பினீர்கள் மாமா? துப்பாக்கி எங்கே?

மாமா: இதோ, கேமரா.

மாப்பிள்ளை: அடப் பாவமே! வீட்டில் மசாலா அரைத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போகட்டும், உண்டிவில் இருக்கிறது.

மாமா: உள்ளே வை. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தெரியுமா? கண்ணி வைத்தாலும் வேட்டை, கொல்ல முயன்றாலும் வேட்டை. குறி தவறினாலும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாப்பிள்ளை: நான் எறிகிற கல்லுக்குச் சிறை என்றால் அது அநியாயம் மாமா. பக்கத்து மாமரத்தில் ஒரு காய்கூட இதுவரை விழுந்ததில்லை.

மாமா: அமெரிக்காவில் ஆர்கன்சா என்றொரு மாநிலம். என் மகன் அங்கே கூட்டிப்போனான். இடுப்பளவு தண்ணீர் நிற்கும் காட்டில், மறைப்புக்குள் நின்று சுடுகிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும், வாத்துத் தபால்தலை போல ஒன்றும் வாங்க வேண்டும். 1934இலிருந்து அந்தப் பணத்தில்தான் சதுப்பு நிலம் வாங்கிக் காக்கிறார்கள். ஈயக் குண்டுக்கு 1991இலிருந்து தடை.

மாப்பிள்ளை: வாத்தைக் கொல்லலாம், ஈயத்தால் மட்டும் கொல்லக் கூடாதா?

மாமா: தண்ணீரில் விழுந்த குண்டைத் தீனியென்று விழுங்கி மற்ற வாத்துகளும் செத்துவிடுமே! சரி, நாயைப் பார். சுட்ட வாத்தைப் பல் படாமல் தூக்கிவரும் இனம் இது. மரக்கட்டை போல அசையாமல் இருக்கும்.

(சிங்காரம் தண்ணீரில் பாய்கிறது.)

மாப்பிள்ளை: கட்டை நீந்துகிறதே மாமா!

மாமா: ஐயோ, நான் மிதக்கவிட்ட பிளாஸ்டிக் வாத்து! அதைப் பார்த்துத்தான் ஊசிவால் வாத்து இறங்கும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது.

மாப்பிள்ளை: சிங்காரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. பல் படவில்லை, உண்மைதான். இதோ, அடுத்ததற்குப் போகிறது.

மாமா: விடு. சத்தம் போடாதே. சீழ்க்கைச் சிறகி என்ற வாத்து வந்தால் காதே சொல்லிவிடும். பறக்கும்போது விசில் அடிக்கும்.

மாப்பிள்ளை: மாமா, முதுகில் குளிர்காற்று படுகிறது. சற்று முன் படவில்லையே?

மாமா: திரும்பாதே, பறவை மிரளும்.

மாப்பிள்ளை: பறவை இல்லை, எருமை. நம் பின்பக்கச் சுவரைத் தின்று முடித்துவிட்டது. இப்போது கூரையில் இருக்கிறது.

மாமா: நல்ல ராகித் தாளாகப் பார்த்து வாங்கியது என் தப்பா?

(தூரத்தில் விசில்.)

மாப்பிள்ளை: சிறகி! மாமா, சிறகி!

மாமா: கேமராவைக் கொடு… இரு. சிறகிக்கு டார்ச் லைட் எதற்கு?

மாப்பிள்ளை: பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர்! இரண்டு பேர் ஏரிக்கரையில் குந்தியிருக்கிறோம், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வேறு. "வீட்டில் கழிப்பறை இல்லையா?" என்று கத்திக்கொண்டே வருகிறார். வாத்துப் படம் எடுக்க வந்தோம் என்று கேமராவைக் காட்டுங்கள் மாமா!

மாமா: மறைத்துவை, மறைத்துவை! குந்தியிருக்கிற இடத்தில் கேமராவையும் பார்த்தால் இன்னும் மோசமாக நினைப்பார்!