வாளையார் எல்லையைத் தாண்டினால் அபராதம் செல்லாதா?

"டிஎன் நம்பர் வண்டிக்குக் கேரளா கேமரா போடும் அபராதம் செல்லாது, வாளையார் தாண்டினால் தப்பித்தோம். அபராதச் சலான் பாக்கி இருந்தால் இன்ஷூரன்ஸும் செல்லாது." கோவை, பாலக்காடு பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் இரண்டுமே தவறு.

மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். இ-சலான் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணோடு ஏறிவிடும். ஊர் திரும்பினாலும் போகாது. வண்டியை விற்கும்போது ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்றம் அதனால் தடைபடலாம்.

சரி, இன்ஷூரன்ஸ்? சலான் பாக்கிக்காக மட்டும் பாலிசி ரத்தாகாது. அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்து 4,000. மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. யாராவது அடிபட்டால் இழப்பீடு உரிமையாளர் தலையில்தான் விடியும்.