தண்ணீர்ப் பையை எடுத்துவிட்டு ஊறுகாய் பாட்டிலை வைத்தது ஏன்?

இதை எழுதும் இந்த நிமிடம் வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் ஜூன் மாதம் இறங்கி, இரண்டு இரவு தங்கி, மறுபடி ஏறி வருவதற்காக, மூன்று வாரமாக ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து அடுக்கிவைத்திருந்த முதுகுப்பையை நேற்றுக் காலை திறந்தேன். தண்ணீர்ப் பை இருந்த இடத்தில், துண்டில் சுற்றிய கண்ணாடி பாட்டில் ஒன்று செருகப்பட்டிருந்தது. உள்ளே நாரத்தங்காய் ஊறுகாய். தராசில் வைத்தேன், 900 கிராம். தண்ணீர்ப் பையோ மடிக்கப்பட்டு, பீரோவின் மேல் கிடந்தது. கேட்டதற்கு, "வெறும் பைதானேப்பா, அங்க போயித் தண்ணி வாங்கிக்கிற மாட்டியா?" என்றார் சித்தி.

எங்கே போய் வாங்குவது? நாங்கள் இறங்கப்போகும் தெற்கு கைபாப் பாதையில், விளிம்பிலிருந்து கொலராடோ ஆறு வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் குடிநீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஏறி வரும் பிரைட் ஏஞ்சல் பாதையில் குழாய்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் பழைய குழாய்த்தடம் அடிக்கடி உடையும் என்பதால், அதை நம்பி வெறுங்கையோடு போக முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்த வெயிலில் ஒரு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள நான் 12 கிலோவுக்கு மேல் சுமந்தால் முழங்கால் தாங்காது. அப்படியானால் படுக்கை, சாப்பாடு, அடுப்பு, துணி, மருந்து எல்லாம் மிச்சமுள்ள 8 கிலோவுக்குள் அடங்க வேண்டும். அதில்தான் இந்த 900 கிராம் ஊறுகாய்!

சித்தியை மட்டும் சொல்லிப் பயனில்லை. கொடைக்கானலில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் ஒரு சுமை என்ற நினைப்பே வருவதில்லை. வளைவுக்கு வளைவு ஓடை கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே முதலில் ஏறுகிறோம், களைத்தால் திரும்பி இறங்கிவிடுகிறோம். அங்கே முதலில் இறக்கம்; களைத்த பிறகுதான் ஏற்றம். தெற்கு விளிம்பின் உயரம் சுமார் 2,100 மீட்டர், ஏறக்குறைய நம் ஏரிக்கரையின் உயரம். காலையில் நம் ஊர்க் குளிர்போல் இருக்கும். ஆனால் ஆறு அங்கிருந்து சுமார் 1,400 மீட்டர் கீழே ஓடுகிறது. கோடையில் அங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும்.

பெரியப்பா மகனுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்காக மார்ச் மாதம் முழுச் சுமையோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கியபோது, "மலையில பொறந்தவனுக்கு நடக்கச் சொல்லித் தரணுமா?" என்று கேட்டு அரை லிட்டர் பாட்டிலோடு வந்தவர் அவர். சோலை முடிந்து முள்காடு தொடங்கியதுமே பாட்டில் காலி. அதற்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்தவரின் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகிப்போய், உதடு வெளுத்து, எழவே முடியவில்லை. என் தண்ணீரைக் கொடுத்து, கால் மணி நேரம் நீவிவிட்டு, கும்பக்கரையில் இறங்கியதும் பெரியகுளம் போய்ப் பேருந்து ஏறி வீடு திரும்பினோம். கிராண்ட் கேன்யனின் அடியில் எந்தப் பேருந்து நிற்கும்? இவ்வளவும் பட்டவர், இன்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "தம்பி ரொம்பப் பயப்படுறான்" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பயம் இல்லை அண்ணே, கணக்கு. பெரியகுளத்து வெயிலில் சட்டை நனைவதால் வியர்ப்பது தெரிகிறது. பாலைவனக் காற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடும். தோலில் உப்புப் படிவது மட்டுமே அடையாளம். அதனால் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும். உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். இதற்காகவே அம்மா சுட்ட முறுக்கை நான் வெளியே எடுக்கவில்லை.

அத்தை திணித்த கம்பளியும் இரண்டு ஜீன்ஸும் வெளியே போயின. "விறகு பொறுக்கிச் சமைச்சுக்கலாம்" என்று மாமா போட்ட தீப்பெட்டிக் கட்டும் போயிற்று; அந்தப் பள்ளத்தாக்கின் முகாம்களில் விறகுத் தீ மூட்டவே அனுமதி இல்லை.

எல்லாவற்றையும் நேற்றிரவு மறுபடி நிறுத்து, தண்ணீர்ப் பையை அதன் இடத்தில் வைத்து, ஜிப்பைப் பூட்டிவிட்டேன். சித்தி, நீங்கள் பாசத்தில்தான் செய்தீர்கள் என்று தெரியும். ஊறுகாயை நான் திரும்பி வந்ததும் தயிர்சோற்றோடு சாப்பிடுகிறேன். அதுவரை அந்தப் பையை யாரும் தொட வேண்டாம்.