எது எதைத் தடுக்கிறது என்று எழுதினால் கை வலிக்குமா?

இன்றைக்கும் அதே கதை. தானாக வேலைகளைச் செய்து முடிக்கிற ஏஐ ஏஜென்ட், டிக்கெட்டுகளை (ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவு) தலைகீழாக லிங்க் பண்ணி வைத்திருக்கிறது, ஏச்சு மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு. வயிறு எரிகிறது, அதுதான் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு வெளியில் இருக்கிற ஒரு கொம்பனிக்கு வேலை செய்கிற சின்ன அணி நாங்கள். அணியின் வேலைகளைப் பதிந்து வைக்கிற ஜிராவில் டிக்கெட்டுகளை இணைக்க கொம்பனியே ஒரு டூல் செய்து ஏஜென்ட் கையில் கொடுத்திருக்கிறது. நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த டூலுக்கு எழுதி வைத்திருக்கிற விளக்கம் என்ன தெரியுமா? “இரண்டு டிக்கெட்டுகளை இணைக்கும்.” அவ்வளவுதான். கீழே மூன்று பெட்டி: முதல் டிக்கெட், இரண்டாம் டிக்கெட், வகை. முதலாவது இரண்டாவதைத் தடுக்கிறதா, இல்லை இரண்டாவது முதலாவதைத் தடுக்கிறதா? ஒரு சொல் இல்லை. வகையில் என்ன போடலாம்? அதுவும் இல்லை.

எங்களுக்கு விளங்காவிட்டால் பக்கத்து மேசையில் கேட்போம், பழைய டிக்கெட் ஒன்றைத் திறந்து பார்ப்போம். ஏஜென்டுக்கு ஏது பக்கத்து மேசை? ஏஜென்டையும் டூல்களையும் இணைக்கவென்று 2024 நவம்பரில் வந்த எம்சிபி முறையில் ஒரு டூலைப் பற்றி அதற்குக் கிடைப்பது பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன பெட்டி என்கிற பட்டியல்), கிட்டத்தட்ட இவ்வளவுதான். அதில் இல்லாததை அது ஊகிக்கும். ஊகித்ததைத் தயங்காமல் செய்தும் முடிக்கும். இரணைமடுக் குளத்தில் எந்தக் கதவு எந்த வாய்க்காலுக்கு என்று சொல்லாமல் ஒரு புது ஆளைத் துருசுக்கு அனுப்பிவிட்டு, வயல் காய்ந்த பிறகு அவனைப் பிடித்து ஏசுகிற வேலை இது.

இந்த முறை நடந்ததைக் கேளுங்கள். டேட்டாபேஸ் மாற்றம் முடிந்தால்தான் பணம் செலுத்தும் பக்கத்தில் கை வைக்கலாம். ஏஜென்ட் அதை மாற்றிப் போட்டுவிட்டது, பணம் செலுத்தும் பக்கம் முடியும் வரைக்கும் டேட்டாபேஸ் வேலை காத்திருக்க வேண்டும் என்று. டேட்டாபேஸ் வேலை எங்கள் அணியில் ஒரு தங்கச்சியுடையது, அறிவியல்நகரில் பொறியியல் முடித்துவிட்டு வந்த பிள்ளை, தினமும் முல்லைத்தீவுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். ‘தடுக்கப்பட்டுள்ளது’ என்று போர்டில் கிடந்தால் அவள் என்ன செய்வாள்? சரியாகத்தான் செய்தாள், அடுத்த டிக்கெட்டை எடுத்தாள். மாலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் “ஏன் இன்னும் தொடங்கவில்லை?” என்று அவளைத்தான் கேட்டார்கள். லிங்கைப் போட்டது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வன்னிக்கு இப்படி ஒரு வேலை வந்து சேர்வதே பெரும்பாடு, அதில் ‘அந்த அணி மெதுவு’ என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அதைத் துடைக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியுமா?

எழுத முடியாத பெரிய இரகசியமும் இல்லை இது. ஜிராவில் ‘பிளாக்ஸ்’ என்கிற லிங்குக்கு இரண்டு முகம், ஒரு பக்கம் ‘தடுக்கிறது’, மறுபக்கம் ‘தடுக்கப்படுகிறது’. டூல்கள் ஜிராவோடு பேசுகிற ஏபிஐயில் ‘இன்வர்ட் இஷ்யூ’, ‘அவுட்வர்ட் இஷ்யூ’ என்று இரண்டு ஃபீல்ட். பெயரை மட்டும் பார்த்து எது எந்தப் பக்கம் என்று அனுபவம் உள்ளவர்களே தடுமாறுவார்கள். லிங்க் வகைகளை அட்மின் மாற்றலாம், கூட்டலாம் என்பதால் ஒரு இடத்தில் இருக்கிற வகை இன்னொரு இடத்தில் இல்லாமல் போகலாம். அப்படியென்றால் ‘முதலில் வகைப் பட்டியலை எடு, அதில் இல்லாத பெயரைப் போடாதே’ என்று எழுத வேண்டாமா? லிங்க் உருவானால் 201, அதாவது ‘உருவாகிவிட்டது’ என்று ஒரு பதில் வரும், சரியான திசையில் உருவானதா என்று அது சொல்லாது. ‘போட்ட பிறகு டிக்கெட்டைத் திரும்ப வாசித்துப் பார்’ என்று அதையும் எழுத வேண்டாமா?

அப்புறம் கோட் வைக்கிற கிட்ஹப். புல் ரிக்குவெஸ்டின் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) விளக்கத்தில் ‘ஃபிக்ஸஸ்’ என்று எழுதி இஷ்யூ (அங்கே டிக்கெட்டுக்குப் பெயர்) எண்ணைப் போட்டால், அது முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். வெறுமனே சுட்டிக்காட்ட நினைத்து ஏஜென்ட் அந்தச் சொல்லைப் போட்டால் முடியாத வேலை முடிந்ததாகிவிடும். அதைப் பற்றியும் எங்கள் ஆவணத்தில் ஒரு வரி கிடையாது.

கேட்டால் “மொடல் கெட்டிக்காரன், அதுவே பிடித்துக்கொள்ளும்” என்கிறார்கள். எதை வைத்துப் பிடிக்கும்? எங்கள் போர்டில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது உலகத்தில் வேறு எங்கும் எழுதிக் கிடக்கவில்லை. டூலை எழுதியவருக்குத் திசை தெரியும், அவர் தலைக்குள் இருக்கிறது, அதை வெளியே எடுத்து எழுத மட்டும் நேரமில்லையாம். பிழையாகப் போன லிங்குகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த எங்களுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

“முதல் பெட்டியில் தடுக்கிற டிக்கெட், இரண்டாவதில் காத்திருக்கிற டிக்கெட்.” இந்த ஒரு வரியும் கீழே ஒரு உதாரணமும் போதும். நாளைக் காலைக்குள் போடுங்கள். அதோடு அந்தப் பிள்ளையிடம், கேட்ட அதே கூட்டத்தில் வைத்து, மன்னிப்பும் கேளுங்கள்.