பாம்பை அடிக்கிற கையால் அந்தக் கருவேலத்தை வெட்டக் கூடாதா?

ஐப்பசி பிறந்து ரெண்டு மழை விழுந்தால் போதும், சாயங்காலம் ஆனதும் எங்கள் தெருவில் கூச்சல் ஆரம்பித்துவிடும். கம்பு தேடி ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திண்ணையில் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், போனை நீட்டிக்கொண்டு நிற்கிற இளவட்டங்கள் ஒரு பக்கம். அடித்துப் போட்டதும் கூட்டம் கலைந்துவிடும். நாலு நாள் கழித்து இன்னொரு வீட்டில் அதே கூச்சல். வருஷா வருஷம் இதையே பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பாம்பு அது பாட்டுக்கு இரை தேடி வருகிறது. அதற்குத் தீனி கொட்டி வளர்த்துவிட்டு, வந்ததும் மண்டையில் போடுகிற மனுஷர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உச்சிப்புளியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் மணலும் பனையும் தென்னந்தோப்புமாகக் கிடக்கிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. என் வீட்டுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் ஒரு காலி மனை. வாங்கியவர் நாலு மூலையிலும் கல் ஊன்றிவிட்டு வெளியூர் போனவர்தான். விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் கல்லே கண்ணுக்குத் தெரியாது. சீமைக் கருவேலம் ஆள் உயரத்தைத் தாண்டி மண்டி, சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் கறிவேப்பிலை மரத்தின் மேலேயே முள்ளை நீட்டுகிறது. அடியில் வெயில் புகாத நிழல், உதிர்ந்த நெற்று, வளை வளையாக எலிப்பொந்து. போதாக்குறைக்குத் தெருவே சேர்ந்து அதைக் குப்பைமேடு ஆக்கிவிட்டது. மீன் அலசின தண்ணீர், செதில், குடல், இறால் தலை, சோற்றுப் பொட்டலம், பிள்ளைகளின் டயப்பர், அத்தனையும் அங்கேதான் வந்து விழுகிறது. ராத்திரி மொட்டைமாடியில் நின்று டார்ச் அடித்தால் பெருச்சாளிகள் கூட்டமாக மேய்வது தெரியும். எலி இருக்கிற இடத்துக்குச் சாரை வரும், நல்ல பாம்பு வரும், கண்ணாடி விரியன் வரும். மழைத் தண்ணீர் பொந்துக்குள் இறங்கினால் அவை மேட்டைத் தேடி நம் வாசற்படிக்கு வரும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பா வேண்டும்?

உரிமையாளருக்குப் போன் போட்டால், "ஆள் விட்டு வெட்டச் சொல்றேம்மா" என்பார். அதோடு சரி. ஊராட்சியில் மனு கொடுத்தால், அது பட்டா இடம், நாங்கள் கை வைக்க முடியாது என்கிறார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது இந்தப் பக்கமெல்லாம் ஜேசிபி ஓடியது. வேரோடு பிடுங்காமல் மேலாக வெட்டின இடமெல்லாம் தூரிலிருந்து மறுபடி தழைத்துவிட்டது. அதற்கப்புறம் கேட்க நாதியில்லை.

சரி, தெருக்காரர்களாவது குப்பை கொட்டுவதை நிறுத்துவார்களா என்றால், அதுவும் இல்லை. "எங்கே கொட்டுறது மதினி, வண்டி தினமும் வர மாட்டேங்குதே" என்கிறார்கள். வண்டி வராத நாளில் மீன் கழிவைக் கொல்லையில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டித் தென்னைக்கு அடியில் புதைத்தால் என்ன? மரத்துக்கு அதைவிட உரம் உண்டா? நான் அப்படித்தான் செய்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவது சுலபம், அவ்வளவுதான் காரணம்.

போன மழைக்கு ஒரு சாரையை அடித்தார்கள். நல்ல நீளம். ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மட்டைக் குவியலுக்குள் எலி பிடிக்க நுழைந்ததை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள். பழுப்பும் மஞ்சளுமான உடம்பு, உதட்டோரம் கோடு கிழித்தது போலக் கறுப்பு வரிகள், பெரிய வட்டக் கண். சாரை என்று நான் கத்துகிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. "சாரையோ சர்ப்பமோ, பாம்பு பாம்புதான்" என்றார் ஒருவர். விஷமே இல்லாத பாம்பு அது. அந்த மனையில் எலியைக் குறைப்பதற்கு என்று யாராவது இருந்தார்கள் என்றால் அது ஒன்றுதான். அதையும் தீர்த்தாயிற்று.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. முதல் அடி அடித்தவர் கடலுக்குப் போகிறவர். மன்னார் வளைகுடாவில் வலை இழுத்தால் கடல் பாம்பு ஏறும். துடுப்பு போல் வால் தட்டையாக இருக்கும். பெரும்பாலானவை கொடிய விஷம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து கடல் பாம்புக் கடிக்குச் செய்ததே இல்லை. அப்படிப்பட்டதை இவர்கள் படகில் பதறாமல் கம்பால் நெம்பிக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். காலங்காலமாக வந்த பழக்கம், எனக்கு அதில் மரியாதை உண்டு. அந்த நிதானம் கரை ஏறியதும் எங்கே போகிறது? தண்ணீரில் எமனையே விடத் தெரிந்தவருக்குத் தரையில் ஒரு சாரையை விடத் தெரியாதா?

நல்ல பாம்பு என்றால் அது வேறு கூத்து. அடிப்பதையும் அடித்துவிட்டு, பயம் வந்து, பாலை ஊற்றிக் காசு வைத்துப் புதைக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது நாலடி தள்ளி நின்றிருந்தால் அந்தப் பாலும் மிச்சம், பாவமும் மிச்சம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை அடித்துக் கொல்வது குற்றம். இதைச் சொன்னால், "அப்ப எங்களைக் கடிச்சா கேஸ் போடுவாங்களா" என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள்.

கதைகள் வேறு. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் மரத்தை விட்டு இறங்குமாம். அது ஒல்லியாகக் கொடி மாதிரி இருக்கிற, மனுஷருக்கு ஒரு கெடுதலும் செய்யாத மரப்பாம்பு. சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு நின்றால் இணைகிறது என்று துணி போடுகிறார்கள். பெரும்பாலும் அது ரெண்டு ஆண் சாரை ஒன்றையொன்று அமுக்கிப் பார்க்கிற சண்டை. ஜோடியைக் கொன்றால் மற்றது பழிவாங்க வரும் என்கிறார்கள். ஆளை நினைவு வைத்துத் தேடி வந்து பழிவாங்குவதெல்லாம் பாம்புக்குக் கிடையாது. இந்தக் கதைகளால் செத்துப்போன அப்பாவிப் பாம்புகளை நினைத்தால் மனசு பதறுகிறது.

பினாயில், பூண்டுத் தண்ணீர், நிலைப்படியில் தொங்கவிடுகிற ஆகாசகருடன் கிழங்கு, எதுவும் பாம்பை நிறுத்தாது. அந்தக் காசுக்குக் கதவின் அடி இடுக்கை அடைக்கலாம், சாக்கடைக் குழாய் வாய்க்கு வலை போடலாம்.

இப்போது எனக்கு நிஜமாகவே பயம் தருகிற பாம்புக்கு வருகிறேன். சுருட்டை விரியன். நம் வறண்ட மணலும் முள்காடும் அதற்கு வாகான இடம். சாண் அளவு, முழ அளவுதான் இருக்கும். மண் நிறத்தில் சுருண்டு கிடந்தால் பக்கத்தில் போனாலும் தெரியாது. கிட்டே போனால் செதிலோடு செதிலை உரசி 'சர்சர்' என்று சத்தம் கொடுக்கும். ரெண்டடிக்குப் பெரிசாக ஏதாவது தெரிந்தால் தெருவே திரண்டு அடிக்கும். இந்தச் சின்னதை ஒருவரும் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு மதினியை அதுதான் கடித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் விறகுக்கு மட்டை எடுக்கப் போனவர். தெருவிளக்கு எரிவது கிடையாது, கையில் டார்ச்சும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது, கோபத்தில். அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, குடும்பத்துப் பெரியவர் மந்திரிக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வேப்பிலை அடித்து, மிளகை மெல்லக் கொடுத்து, "உறைக்குதா, உறைக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உறைக்கிறது என்று சொன்னதும் விஷம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். காலில் இறுக்கமாகக் கயிறு வேறு. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தால் ஈறிலிருந்து ரத்தம். அப்புறம்தான் 108ஐக் கூப்பிட்டார்கள்.

மருத்துவமனையில் செய்தது மிகச் சின்னக் காரியம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்தார்கள். நல்ல ரத்தம் என்றால் உறைந்து கட்டியாக நிற்கும். நர்ஸ் குழாயைச் சாய்த்தபோது மதினியின் ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே மருந்து ஏற்றினார்கள், உயிர் பிழைத்தார். நாலு பாம்பின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாலுக்கும் ஒரே மருந்து. அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. இருளர் மக்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து, விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் அந்த மருந்துக்கு ஒரு பைசா வாங்குவதில்லை. இத்தனையும் நமக்காகத் தயாராக இருக்கும்போது, மிளகு உறைக்கிறதா என்று உட்கார்ந்து கேட்பதை எப்படிப் பொறுப்பது?

கட்டுவிரியன் கடித்தால் அந்த இடம் வீங்கக்கூட வீங்காது. வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடமும் பல நேரம் தெரியாது. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடித்துவிட்டுப் போய்விடும். விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் தொங்கும், பேச்சு குழறும். வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலத்தில் கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கடி பட்டால் கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வது போல மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கு ஏற்றுகிற அளவேதான் மருந்து ஏற்றுவார்கள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா என்று அங்கே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், நம்மைப் போல வயலிலும் கொல்லையிலும் நிற்கிறவர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் கடித்த பிறகு கணக்கெடுக்கிற அதே அக்கறையோடு, கடிக்கும் முன்னால் ஒரு தெருவிளக்கைப் போட்டுத் தாருங்கள். குப்பை வண்டியை நாள் தவறாமல் அனுப்புங்கள். மூன்றாவது முறையும் மனு எழுதிக்கொண்டு வருகிறவளை, "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்கிற மாதிரிப் பார்க்காதீர்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101 அடித்தால் வருகிறார்கள். அவர்கள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதுவரை பொறுமை இல்லாமல், பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து வீடியோ எடுக்கிறான். பெற்றவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால் அவன் அம்மாவிடம் போய் எந்தக் கைகள் பதில் சொல்லும்?

மனைக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பதிவை அவருக்கும் அனுப்பப் போகிறேன். அண்ணே, வெட்டுவதற்குக் காசு ஆகும் என்று இனியும் சாக்கு சொல்லாதீர்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் இந்த மாவட்டம் முழுக்கக் கருவேலம் தேடி அலைகிறார்கள். ஒரு வார்த்தை சரி என்று சொல்லுங்கள், நானே ஆளைப் பிடித்துத் தருகிறேன். வெட்டியும் போவார்கள், விறகுக்கு உங்கள் கையில் பணமும் கொடுப்பார்கள். தூரைப் பிடுங்க ஜேசிபிக்கு ஆகிற செலவில் எங்கள் வீட்டுப் பங்கை நான் தருகிறேன், தெருவிலும் கேட்டு வாங்கித் தருகிறேன். அடுத்த மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.