சோஜர்னர் ட்ரூத் கதறியவர் அல்லர், வழக்காடி வென்றவர்

சோஜர்னர் ட்ரூத்தின் உரை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அடிமை முறையிலிருந்து மீண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் பேசிய அவரை "எழுத்தறிவில்லாத ஓர் அடிமைப் பெண்ணின் கதறல்" என்று மேடையில் அறிமுகப்படுத்தியதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை. அவர் கதறியவர் அல்லர். வழக்காடி வென்றவர்.

விடுதலை தருவதாக வாக்களித்திருந்த எஜமானர் ஜான் டூமான்ட், ட்ரூத்தின் கையில் காயம்பட்டு வேலை குறைந்ததைச் சொல்லி வாக்கை மீறினார். கொடுக்க வேண்டிய உழைப்பு எவ்வளவு என்பதைத் தாமே தீர்மானித்து, அதற்கான கம்பளியை நூற்று முடித்துவிட்டு, 1826இல் கைக்குழந்தையுடன் விடியுமுன் வெளியேறினார் ட்ரூத். அதன்பின், தம் மகன் பீட்டர் நியூயார்க் மாநிலச் சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்டதை அறிந்ததும், கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் முறையிட்டு, 1828இல் அவனை மீட்டார். திரும்பி வந்த சிறுவன் அச்சத்தில் "இவர் என் தாய் இல்லை" என்று அழுதான். அவன் முதுகில் தழும்புகள் விரல் பருமனுக்குத் தடித்திருந்தன. வெள்ளையரை எதிர்த்து நீதிமன்றம் சென்று மகனை மீட்ட ஒரு கறுப்பினத் தாயைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கதறல் மட்டும்தானா கேட்டது?

"எழுத்தறிவில்லாதவர் என்பது உண்மைதானே" என்பார்கள். உண்மைதான். அதற்கு 1851இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டிலேயே அவர் பதில் சொல்லிவிட்டார்: தமக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்கத் தெரியும் என்று. என் அப்பத்தாவும் கைநாட்டுதான். நிலப் பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்த வக்கீல் குமாஸ்தாவை நிறுத்தி, "கிழக்கே வாய்க்கால் இல்லை, வண்டிப்பாதை" என்று திருத்தியவர் அவர். அவர் சொன்னது சரியென்று தெரிந்த பிறகும், "அவளுக்கு என்ன தெரியும்" என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் இந்த அறிமுகத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

நல்லெண்ணத்தில் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் உருக்கமாக வாசிக்கப்பட்ட, "நான் பெண் இல்லையா" என்று திரும்பத் திரும்ப வரும் அந்த ஆக்ரன் உரையின் வடிவம், மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பிரான்சஸ் கேஜ் என்ற பெண் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1863இல் வெளியிட்டது. 1851இலேயே பத்திரிகை ஆசிரியர் மாரியஸ் ராபின்சன் வெளியிட்ட பதிவில் அந்தக் கேள்வியே இல்லை. நியூயார்க்கில் டச்சு மொழி பேசி வளர்ந்தவருக்குத் தென்மாநில அடிமைகளின் பேச்சுநடையைப் பூட்டியதும், ஐந்து பிள்ளைகள் பெற்றவரைப் பதின்மூன்று பெற்றவராக்கியதும் கேஜின் பதிவுதான். கேஜும் நல்லெண்ணம் கொண்டவரே. ஆயினும் அந்த நல்லெண்ணத்தில், யோசித்துப் பேசிய ஒரு பெண் மறைந்துபோய்விட்டார்.

அவர் எவ்வளவு யோசித்தவர் என்பதற்கு 1867ஆம் ஆண்டு உரை ஒன்று போதும். கறுப்பின ஆண்களுக்கு மட்டும் உரிமை கிடைத்து, பெண்களுக்குக் கிடைக்காமல் போனால், அந்த ஆண்களே அப்பெண்களுக்கு எஜமானர் ஆவார்கள் என்று சொன்னார். தம் பக்கத்து ஆண்களின் எதிரிலேயே இதைச் சொல்லத் துணிந்தவரைக் கண்ணீராகச் சுருக்குவது எனக்கு அவமதிப்பாகவே படுகிறது. தம் புகைப்படங்களைத் தம் பெயரிலேயே பதிப்புரிமை பெற்று விற்று, அந்த வருவாயில் ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர்.

கூட்டம் நடத்தியவர்கள் என் நண்பர்கள். அடுத்த முறை அவர் படத்தை மேடையில் வைக்கும்போது, கிங்ஸ்டன் வழக்கை முதலில் சொல்லுங்கள். உரையை அதற்குப் பிறகு வாசிக்கலாம்.